தொலைநிலையில் சுற்றுச்சூழல் மேலாண்மை: வேலையை விடாமல் முதுகலை படிக்க முடியுமா?

சாயத்தண்ணி (திருப்பூர்), ஞாயிறு இரவு 11:20

வணக்கம். 2014-இல் பி.எஸ்சி. வேதியியல் முடித்தேன். திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் லேப் கெமிஸ்ட். பத்து வருடமாகக் காலையில் போனதும் தண்ணீரில் பி.எச். (அமில, காரத் தன்மை), டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு), சி.ஓ.டி. (மாசின் அளவு) பார்க்கிறேன். சாயங்காலமும் அதே. ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றைய வேலை முடிந்தது.

எங்கள் பிளான்ட் மேனேஜர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு என்னைப் பார்ப்பீர்களா என்று கேட்டேன். “பி.ஜி. இருந்தால் யோசிக்கலாம்” என்றார்கள். ஷிஃப்ட் வேலை, நான்கு வயதுப் பையன், வீட்டுக் கடன். ரெகுலரில் படிக்க வழியே இல்லை. தொலைநிலையில் சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்சி. படிக்கலாமா, எம்.ஏ.வா, அல்லது ஒரு வருட டிப்ளமா போதுமா? தபால் டிகிரி என்று உடன் வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். முதலில் அது செல்லுமா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

கோப்புக்கட்டு (சென்னை), திங்கள் காலை 7:05

செல்லும். பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்வி விதிமுறைகள் 2020-இல் வந்தன. அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருந்தால் தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்பது அதிலேயே இருக்கிறது. 2022 செப்டம்பரில் மானியக் குழு அதை இன்னொரு முறை அறிவித்தது. சிரிக்கிறவர்களுக்கு அந்த அறிவிப்பைக் காட்டுங்கள்.

ஆனால் “அங்கீகாரம் பெற்ற” என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் படிப்புக்கு, நீங்கள் சேரும் பருவத்துக்கு இருக்கிறதா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தளத்தில் பார்க்க வேண்டும். 2024 முதல் சேர்க்கைக்கு டெப் ஐடி என்று அந்தப் பிரிவின் மாணவர் எண் ஒன்று கேட்கிறார்கள். முதலில் ஏ.பி.சி. ஐடி (மாணவரின் கிரெடிட் கணக்கு எண்) எடுத்து, அதை வைத்து டெப் ஐடியை நீங்களே உருவாக்க வேண்டும். “அதெல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் சார்” என்று எந்த ஏஜென்டாவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இன்னொன்று. தொலைநிலையில் எம்.டெக். சுற்றுச்சூழல் பொறியியல் என்று யாராவது ஆசை காட்டினால் போகாதீர்கள். பொறியியலைத் தொலைநிலையில் நடத்த அனுமதி கிடையாது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அப்படி நடத்தி, 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, தனித் தேர்வு எழுதச் சொன்னார்கள். அதற்கப்புறம் சேர்ந்தவர்களுக்குப் பட்டமே போனது. பதவி உயர்வு வாங்கிப் பல வருடம் வேலை பார்த்தவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள்.

பட்டதாரிபட்டபாடு (சேலம்), திங்கள் காலை 9:48

ஏஜென்ட் பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். 2011-இல் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் மாடியில் ஒரு படிப்பு மையம் இருந்தது. பெயர் வேண்டாம். வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் எம்.எஸ்சி., இரண்டு வருடக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி. கட்டினேன். புத்தகம் வந்தது, தேர்வும் நடந்தது. வினாத்தாளை மாடியிலேயே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லையைத் தாண்டி இப்படி மையம் நடத்தக்கூடாது என்பது பிற்பாடு ஓர் அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனபோதுதான் தெரிந்தது. மதிப்பெண் பட்டியல் இன்னும் பீரோவில் இருக்கிறது. அந்த மாடியில் இப்போது மொபைல் கடை.

நெய்தல்மேடு (தூத்துக்குடி), திங்கள் இரவு 10:10

தம்பி, நான் பள்ளி ஆசிரியை. இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.ஏ. சுற்றுச்சூழல் ஆய்வுகள் முடித்தேன். எந்தப் பட்டப்படிப்பு முடித்தவரும் அதில் சேரலாம், எனக்கு அதுதான் வசதியாக இருந்தது. எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியலுக்கு அறிவியல் பட்டம் வேண்டும். உங்களிடம் இருக்கிறது, லேப் வேலையும் பார்க்கிறீர்கள். அப்புறம் ஏன் எம்.ஏ. பக்கம் போக வேண்டும்? எம்.எஸ்சி.யே போடுங்கள்.

படிப்பு நேரத்தைப் பற்றி யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். இக்னோ கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. முதுகலைக்கு 80 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் 2400 மணி நேரம். இரண்டு வருடத்தில் முடிக்க வாரத்துக்கு 23 மணி நேரம் உட்கார வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது நடக்காது. ஆனால் நான்கு வருடம் வரை அவகாசம் உண்டு. அப்படிப் பார்த்தால் வாரத்துக்குப் பதினொன்றரை மணி நேரம். நான் மூன்றரை வருடத்தில் முடித்தேன். அதில் ஆறு மாதம் மாமியாரைச் சேர்த்திருந்த மருத்துவமனை வராந்தாவில் போனது, பாதிப் புத்தகத்தை அங்கேதான் படித்தேன்.

அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். அசைன்மென்ட்டைக் கடைசி வாரம் எழுதலாம் என்று இருந்துவிடாதீர்கள். எனக்கு முதல் வருடம் இரண்டு பேப்பர் அப்படித்தான் தள்ளிப்போயின. பாடப் புத்தகம் எல்லாம் இக்னோவின் இ-ஞான்கோஷ் தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது. கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு மாதம் அதைப் படித்துப் பாருங்கள். முடியுமா முடியாதா என்று அப்போதே தெரிந்துவிடும். எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் படித்த எனக்கு முதல் ஆறு மாதம் அகராதியோடுதான் போனது.

தேர்ச்சிக்கு 40 மதிப்பெண் போதும் என்று அதோடு நிறுத்தாதீர்கள். நாளைக்கு நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதத் தோன்றினால் முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. நெட்டில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. என் கூடப் படித்த ஒருவர் 52-இல் முடித்துவிட்டு இன்றும் புலம்புகிறார்.

ஒட்டகப்பால் (குவைத்), செவ்வாய் மாலை 6:30

இந்தப் பக்கம் வரும் எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. இங்கே பாதுகாப்பு, சுற்றுச்சூழல் இரண்டையும் ஒரே ஆள் தலையில் கட்டுவார்கள். கம்பெனி முதலில் கேட்பது நெபோஷ் என்ற பணியிடப் பாதுகாப்புச் சான்றிதழ், பிறகு சுற்றுச்சூழல் மேலாண்மைத் தரமான ஐ.எஸ்.ஓ. 14001-க்கு ஆடிட்டர் பயிற்சி. அது ஐந்து நாள் வகுப்பு. பட்டத்தை அப்புறம்தான் புரட்டுவார்கள். பட்டத்துக்குச் சமநிலைச் சான்று வாங்கும் இடத்தில் தொலைநிலை என்றால் கெடுபிடி அதிகம். ஆகவே விமானம் ஏறத்தான் இந்தப் படிப்பு என்றால் இன்னொரு முறை யோசியுங்கள். ஊரிலேயே இருந்து மேலே வர வேண்டும் என்றால் படியுங்கள்.

சாயத்தண்ணி (திருப்பூர்), செவ்வாய் இரவு 11:55

எல்லோருக்கும் நன்றி. வெளிநாட்டு எண்ணம் இல்லைங்க. அக்கா, நீங்கள் சொன்னபடி இ-ஞான்கோஷில் நான்கு பாடம் படித்துப் பார்த்தேன். ஒரு சந்தேகம். தண்ணீர் மாசு பகுதியில் இருக்கிற பாதி நான் தினமும் செய்வதுதான். புத்தகங்களில் பி.ஓ.டி.க்கு (தண்ணீரிலுள்ள மாசைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜன் அளவு) 5 நாள், 20 டிகிரி என்று வருகிறது. நாங்கள் 3 நாள், 27 டிகிரியில் வைக்கிறோம். நம் ஊர் வெயிலுக்கு இந்திய முறை அப்படி. இதற்கு 2400 மணி நேரமா? தெரிந்ததையே ஆங்கிலத்தில் திருப்பி எழுதிப் பட்டம் வாங்குவது போல இருக்கிறதே.

கோப்புக்கட்டு (சென்னை), புதன் காலை 6:50

தம்பிக்குக் கொஞ்சம் காரமாகவே பதில் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

உங்களுக்குத் தெரிந்தது அளவு. மேலாண்மை என்பது அந்த அளவை வைத்துக்கொண்டு என்ன முடிவெடுப்பது என்பது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிப்பதுதான் என் தொழில். லேபிலிருந்து எண்கள் வரும். அழகாக, மூன்று தசம இடத்தோடு வரும். அந்த எண் எந்தச் சட்டத்தின் எந்த வரம்பைத் தொடுகிறது, கீழ்மடையில் யார் கிணறு இருக்கிறது, கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து நிற்கப்போகிற பெரியவர் என்ன கேட்பார் என்று யோசிக்க ஆள் கிடைப்பதில்லை.

உங்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006 செப்டம்பர் 14-ஆம் தேதி தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் 7(எச்) என்று அதற்குத் தனி வரியே இருக்கிறது. பத்து வருடமாக வேலை செய்கிறீர்களே, அதைப் பார்த்திருக்கிறீர்களா? 1974 தண்ணீர்ச் சட்டத்தின்படி உங்கள் நிர்வாகம் வாங்கியிருக்கும் இசைவாணையில் என்னென்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்று முழுக்கப் படித்தது உண்டா? ஆபீஸ் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்கள்.

லியோபோல்ட் அணி என்று ஒன்று பாடத்தில் வரும், ஒரு திட்டத்தின் பாதிப்புகளைக் கட்டம் கட்டமாகக் குறிக்கும் அட்டவணை. 1971-இல் அமெரிக்க நிலவியல் துறையில் உருவாக்கியது. ஒரு பக்கம் மனிதன் செய்யும் 100 வேலைகள், மறுபக்கம் இயற்கையிலும் வாழ்க்கையிலும் 88 அம்சங்கள். மொத்தம் 8800 கட்டம். படித்த காலத்தில் அதைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து, எங்கள் ஊரில் புதிதாக வந்த கல்குவாரிக்கு நிரப்பிப் பார்த்தேன். முக்கால்வாசிக் கட்டம் காலி. ஆனால் நிரம்பிய கட்டங்களில் சில, ஊரில் யாருமே பேசாத விஷயங்கள். லாரி போகிற பாதையில் இருக்கும் பள்ளிக்கூடம் மாதிரி.

யாழ்க்கிணறு (யாழ்ப்பாணம்), புதன் மதியம் 1:15

எங்கட பக்கத்தில் இதைச் சுற்றாடல் முகாமைத்துவம் என்று சொல்லுவினம். நானும் வேலை செய்துகொண்டே முதுமாணிக் (முதுகலை) கற்கைநெறியைப் பகுதிநேரமாக முடித்தவன்.

சாயத்தண்ணி தம்பி கேட்டது எனக்கும் வந்த கேள்விதான். கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று (நைட்ரேட்) எவ்வளவு என்று பார்க்க எனக்கு முதலே தெரியும். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிற தண்ணீர்தான் எல்லாம். மேலே தோட்டத்தில் போடுகிற உரமும் மலசலகூடக் குழியும் அதற்குள்தான் இறங்கும். அளந்து எழுதினேன், மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பினார். “கூட இருக்குது எண்டு ஊருக்கே தெரியும். உரத்தைக் குறைக்கச் சொன்னால் தோட்டக்காரன் என்னத்துக்குக் கேட்க வேணும்? அதை எழுது” என்றார்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் வெங்காயத் தோட்டங்களில் இருந்தேன். சோதனைக் குழாயைத் தொடவே இல்லை. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் வந்தபோது சனம் கேட்டதும் அளவு எவ்வளவு என்று இல்லை, “குடிக்கலாமோ, பிள்ளையைக் குளிப்பாட்டலாமோ” என்றுதான். அளந்தவர்கள் அதற்கு நேராகப் பதில் சொல்லச் சிரமப்பட்டதைப் பார்த்தேன்.

பட்டதாரிபட்டபாடு (சேலம்), புதன் இரவு 9:02

எல்லாம் சரி. ஆனால் அவர் கேட்டது மேனேஜர் நாற்காலி. “பி.ஜி. இருந்தால் யோசிக்கலாம்” என்பது நாசூக்கான ‘இல்லை’. பி.ஜி. முடித்துக்கொண்டு போனால் “பொறியியல் இருந்தால் யோசிக்கலாம்” என்பார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உதவிப் பொறியாளர் வேலைக்கும் பொறியியல் பட்டம்தான் கேட்கிறார்கள், எம்.எஸ்சி. அதற்கு ஈடாகாது. சேருவதற்கு முன் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பட்ட பாடு பேசவைக்கிறது.

ஒட்டகப்பால் (குவைத்), புதன் இரவு 9:30

திருப்பூரில் துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் கேட்கிற காகிதங்களையும் மறக்காதீர்கள். காட்ஸ் (இயற்கைப் பருத்தித் துணிச் சான்று), ஹிக் (சுற்றுச்சூழல் மதிப்பீடு) என்று ஏற்றுமதிக் கம்பெனி ஒவ்வொன்றிலும் அதை நிரப்ப ஆள் தேவைப்படுகிறது. தண்ணீர் தெரிந்த ஆளுக்கு அங்கே மதிப்பு உண்டு. சுத்திகரிப்பு நிலைய நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

*[பதினேழு மாதம் கழித்து]*

சாயத்தண்ணி (திருப்பூர்), சனி இரவு 12:40

பழைய இழையை இழுத்து மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். எம்.எஸ்சி. சேர்ந்துவிட்டேன். முதல் வருடம் ஒரு பேப்பர் தவிர எல்லாம் முடிந்தது. போனது சட்டப் பேப்பர். கோப்புக்கட்டு அண்ணன் சிரிக்கலாம்.

மேனேஜர் நாற்காலிக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்துவிட்டார். பி.டெக். கெமிக்கல். சேலத்து அண்ணன் சொன்னது அச்சுப் பிசகாமல் நடந்தது. நல்ல மனிதர்தான், தேர்வு சமயத்தில் ஷிஃப்ட் மாற்றிக் கொடுக்கிறார்.

இப்போது வேறு சிக்கல். ப்ராஜெக்ட். எங்கள் நிலையத்தின் பத்து வருட ரிஜிஸ்டர் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. அதை வைத்து எழுதலாம் என்று அனுமதி கேட்டேன். “ஒரு எண் கூட வெளியே போகக்கூடாது” என்று சொல்லிவிட்டார்கள். நாளைக்கு யாராவது பசுமைத் தீர்ப்பாயத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். என் கையால் எழுதிய எண்ணை நானே பயன்படுத்த முடியவில்லை. வேறு தலைப்பும் தோன்றவில்லை.

நெய்தல்மேடு (தூத்துக்குடி), ஞாயிறு காலை 8:15

வேலை செய்யும் இடத்திலேயே ப்ராஜெக்ட் என்று ஆரம்பித்தவர்கள் பாதிப் பேர் இந்தக் கதவில்தான் முட்டினார்கள். அனுமதி இல்லாமல் எடுத்து எழுத நினைக்காதீர்கள் தம்பி, பிழைப்பும் போகும் பட்டமும் போகும். நானும் முதலில் ஓர் ஆலைக் கழிவைப் பற்றி என்றுதான் போனேன். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கடைசியில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் ஒரு நாளைக்கு எவ்வளவு சோறு வீணாகிறது என்று நாற்பது நாள் எடை போட்டேன். வழிகாட்டி அதைத்தான் பாராட்டினார்.

கோப்புக்கட்டு (சென்னை), ஞாயிறு காலை 9:40

சிரிக்கவில்லை. சட்டப் பேப்பரில் நானும் ஒரு முறை போயிருக்கிறேன்.

பொதுவெளியில் இருப்பதை எடுங்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகள் கொட்டிக் கிடக்கின்றன. நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலந்த வழக்கின் நீதிமன்ற உத்தரவுகள் எல்லாம் பொது ஆவணம். அந்தச் சாயக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயிகளின் கிணறுகள் இருக்கின்றன. அவர்கள் சம்மதித்தால் கையடக்க டி.டி.எஸ். மீட்டரோடு நீங்களே போய் அளக்கலாம். உங்கள் நிர்வாகத்தின் பெயரே வர வேண்டியதில்லை. ஆனால் எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதை அறிக்கையில் மறைக்காமல் எழுதிவிடுங்கள். பின்னால் கேள்வி வராது.

சாயத்தண்ணி (திருப்பூர்), ஞாயிறு இரவு 11:05

அண்ணா, கிணறு யோசனை நன்றாக இருக்கிறது. ஆனால் இன்று இரவு ஷிஃப்டில் வேறொன்று தோன்றியது. இழுவையாக இருந்தாலும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நான் பிளஸ் டூ. அப்பா பட்டறையில் வேலை. மாதக்கணக்கில் வீட்டில்தான் இருந்தார். அப்புறம் ஒரு சொட்டு வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாடு வந்து, பட்டறைகள் திறந்தன. அந்த ஏற்பாட்டில்தான் நான் வேலைக்கே சேர்ந்தேன். சாயத் தண்ணீரை உயிரியல் முறையில் சுத்தம் செய்து ஆர்.ஓ.வில் விடுகிறோம். நல்ல தண்ணீர் பட்டறைக்குத் திரும்பிப் போகிறது. மிஞ்சுகிற உப்புத் தண்ணீர், ரிஜெக்ட், எவாப்பரேட்டருக்குப் போகிறது. அங்கே கொதிக்கவைத்து உப்பாக எடுக்கிறோம். நல்ல உப்பு மறுபடி சாயமேற்றப் போகும். பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் நிற்கும்.

பத்து வருடமாக நான் பார்த்தது தண்ணீர்க் குழாயின் கடைசி முனையை மட்டும். அங்கே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. போன மாதம் பாடத்தில் ஒரு பகுதி வந்தது. ஓர் ஊடகத்தில் மாசைக் குறைத்தால் அது இன்னோர் ஊடகத்துக்கு மாறிப் போகிறதா என்று பார்க்க வேண்டுமாம். இன்று இரவு பாய்லர் பக்கம் டீ குடிக்கப் போனேன். விறகு லாரி இறங்கிக்கொண்டிருந்தது. தினமும் இறங்குகிற லாரிதான். அந்த விறகு எவ்வளவு என்று நான் எந்த ரிஜிஸ்டரிலும் எழுதியதில்லை, அது லேபின் வேலை இல்லை. ஆற்றுக்குப் போகாத சாயம் புகைக்கூண்டு வழியாகவும் கொட்டகை வழியாகவும் எவ்வளவு போகிறது? ஒரு ஆயிரம் லிட்டர் ரிஜெக்ட்டை வற்றவைக்க எத்தனை கிலோ விறகு?

ஆற்றுக்குத் திரும்ப விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, ஒரத்துப்பாளையத்தைப் பார்த்து வளர்ந்தவன். ஆனால் கணக்கு என்று பார்த்தால் இரண்டு பக்கமும் எழுத வேண்டும் அல்லவா? இதற்கு எங்கள் நிலையத்து எண்ணே தேவையில்லை. கொதிநீருக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. விறகின் வெப்ப மதிப்பு இருக்கிறது. எவாப்பரேட்டர் எத்தனை கட்டம் என்பதைப் பொறுத்து ஒரு கிலோ நீராவி எவ்வளவு தண்ணீரை ஆவியாக்கும் என்பதும் கிடைக்கும். பேப்பரிலேயே ஒரு மாதிரி நிலையத்துக்குக் கணக்குப் போடலாம். செல்லுமா?

கோப்புக்கட்டு (சென்னை), திங்கள் காலை 6:30

தாராளமாகச் செல்லும். எல்லையை முதலில் வரையுங்கள். விறகு வெட்டிய இடத்திலிருந்தா, கேட்டில் இறங்கியதிலிருந்தா? அதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வாய்மொழித் தேர்வில் பிடித்துக்கொள்வார்கள். ஆர்.ஓ. பம்புக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிடாதீர்கள். அதை எல்லோரும் மறப்பார்கள்.

யாழ்க்கிணறு (யாழ்ப்பாணம்), திங்கள் காலை 10:20

கொட்டகையில் நிற்கிற உப்பு மூட்டைக்கு மழை பட்டால் என்ன ஆகும் என்றும் ஒரு பந்தி எழுதுங்கோ தம்பி.

பட்டதாரிபட்டபாடு (சேலம்), திங்கள் இரவு 8:45

நாற்காலி போனாலும் தலைப்பு கிடைத்துவிட்டது போல. நான் டெப் ஐடி எடுத்துவிட்டேன், ஜூலைப் பருவத்தில் சேருகிறேன். வயது 43. சிரிக்கிறவர்கள் சிரியுங்கள்.

சாயத்தண்ணி (திருப்பூர்), திங்கள் இரவு 11:30

வாங்க அண்ணா. அசைன்மென்ட்டைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள், அக்கா திட்டுவார்கள். மழை விஷயத்தைக் குறித்துக்கொண்டேன், நாளைக்கே கொட்டகைக் கூரையைப் பார்க்கிறேன்.

ஜூனில் சட்டப் பேப்பர் மறுபடி எழுதுகிறேன். பழைய வினாத்தாள் யாரிடமாவது இருந்தால் போடுங்கள். 1981 காற்றுச் சட்டப் பகுதிதான் எனக்கு மண்டையில் ஏறவே இல்லை.